சளியை விடுங்க... மூச்சை எண்ணுங்க!

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் போதும், கள்ளக்குறிச்சி மருந்துக் கடைகளில் ஒரே பேச்சுதான். “அண்ணே, மூக்கு ஒழுகுது, தொண்டை கரகரங்குது. ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க!” கச்சிராயபாளையம், சங்கராபுரம், சின்னசேலம் என்று எங்கே போனாலும் இதே கதை. மேலே கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு பக்கமெல்லாம் பனியும் சாரலும் சேர்ந்துகொள்ள, வீட்டுக்கு ஒரு குழந்தையாவது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

ஜலதோஷம் யாரையும் கொல்வதில்லை. ஆனால் ஜலதோஷம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள் இறங்கிவிடும் நிமோனியா, குழந்தையின் உயிருக்கே உலை வைத்துவிடும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஸ்டெதாஸ்கோப் இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. படிக்காத பாட்டிகூட அதைச் செய்யலாம். அதைக் கற்றுக்கொள்வதுதான் இந்த இதழின் பாடம். முதலில் ஜலதோஷத்தைப் புரிந்துகொள்வோம்.

ஜலதோஷம் என்பது என்ன?

மூக்கு, தொண்டை ஆகியவற்றின் உள்பக்கச் சவ்வில் வைரஸ் கிருமி தொற்றுவதுதான் ஜலதோஷம். இதை உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல். அதில் பெரும்பங்கு ரைனோ வைரஸ் என்ற குடும்பத்துக்கு. அந்தக் குடும்பத்தில் மட்டும் 160-க்கும் அதிகமான வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால் அதற்கு எதிர்ப்பு சக்தி கிடைக்கும். அடுத்த மாதம் வேறு வகை வந்து நிற்கும்! “போன மாசம்தானே வந்துச்சு, மறுபடியும் ஏன்?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பெரியவர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று முறையும், பால்வாடி போகும் வயதுக் குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு முறையும் சளி பிடிப்பது சகஜம். ‘என் பிள்ளைக்கு உடம்புல சத்தே இல்ல’ என்று பயப்பட வேண்டாம்.

மழையில் நனைந்ததால் சளி வந்தது என்கிறோமே? இங்கிலாந்தில் சால்ஸ்பரி என்ற ஊரில் 1946-ல் ஜலதோஷ ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் தொடங்கி, 40 வருஷத்துக்கு மேல் நடத்தினார்கள். விருப்பப்பட்டு வந்தவர்களை ஈரத் துணியோடு குளிரில் நிற்க வைத்துக்கூடப் பார்த்தார்கள். வெறும் குளிர் மட்டும் ஜலதோஷத்தை வரவழைக்கவில்லை. வைரஸ் வேண்டும்!

அப்படியானால் மழைக்காலத்தில் மட்டும் ஏன் அதிகம்? மழை பெய்தால் எல்லோரும் வீட்டுக்குள் அடைகிறோம். கதவு, ஜன்னலைச் சாத்துகிறோம். ஒருவர் தும்மினால் மற்றவர் மேல் படுகிறது. மூக்கைத் துடைத்த கையாலேயே டம்ளரைத் தொடுகிறோம், குழந்தையைக் கொஞ்சுகிறோம். வைரஸுக்கு இதைவிட நல்ல காலம் ஏது?

ஏழு நாள் கணக்கு

‘மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள்’ என்று ஜலதோஷத்தைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வார்கள். வேடிக்கை இல்லை, நிஜம்! அதன் போக்கைப் பாருங்கள்.

முதல் நாள்: தொண்டை கரகரப்பு, தும்மல், உடம்பு அசதி.

இரண்டு, மூன்றாம் நாள்: மூக்கில் தண்ணீராகக் கொட்டும். மூக்கடைப்பு, லேசான காய்ச்சல், தலைபாரம். இதுதான் உச்சம்.

நான்கு, ஐந்தாம் நாள்: சளி கெட்டியாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ வரும். “சளி பழுத்துடுச்சு, ஆன்டிபயாடிக் போடணும்” என்று பலரும் அவசரப்படுவது இந்தக் கட்டத்தில்தான். நம் உடம்பின் வெள்ளை அணுக்கள் கிருமியோடு சண்டை போட்டதால் வரும் நிறம் அது. நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டியதில்லை.

ஏழு முதல் பத்தாம் நாள்: மூக்கு சரியாகிவிடும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் வரைகூட ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது?

மருந்துக் கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் நாலு மாத்திரைகளைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்ததுண்டா?

ஒன்று, பாரசிட்டமால். காய்ச்சலையும் உடம்பு வலியையும் குறைக்கும். அளவோடு சாப்பிட்டால் நல்லது. இரண்டு, குளோர்பெனிரமின் போன்ற அலர்ஜி மாத்திரை. மூக்கு ஒழுகுவது கொஞ்சம் குறையும், ஆனால் தூக்கம் சொக்கும். இதைப் போட்டுக்கொண்டு மலைப்பாதை வளைவுகளில் வண்டி ஓட்டுவதும், கரும்பு டிராக்டர் ஓட்டுவதும் ஆபத்து. மூன்று, மூக்கடைப்புக்கான பினைலெப்ரின். வாய் வழியாகச் சாப்பிடும் இந்த மருந்து மூக்கடைப்பைப் போக்குவதில்லை என்று அமெரிக்க அரசின் மருந்து நிபுணர் குழு 2023-ல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. நான்காவது பெரும்பாலும் ஆன்டிபயாடிக். அது பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. வயிற்றுப்போக்கு வரலாம். தேவையில்லாமல் சாப்பிடச் சாப்பிட, நிஜமாகவே தேவைப்படும் நாளில் மருந்து கேட்காமல் போகலாம்.

“அப்போ ஊசி?” ஜலதோஷத்துக்கு ஊசியே கிடையாது. டாக்டர் ஊசி போடாமல் அனுப்பினால் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நன்றாகக் கவனித்திருக்கிறார்!

பிரஷர் உள்ளவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் சளி மாத்திரையைக் கேட்காமல் வாங்கவே கூடாது. மூக்கில் விடும் அடைப்பு நீக்கும் டிராப்ஸை நாலைந்து நாளுக்கு மேல் விட்டால், நிறுத்தியதும் அடைப்பு முன்பைவிட அதிகமாகும். அதிலும் கவனம் தேவை.

குழந்தைக்கு சிரப் வேண்டாம்

2025 செப்டம்பர், அக்டோபரில் நாட்டையே உலுக்கிய செய்தி நினைவிருக்கிறதா? மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பகுதியில் சாதாரண சளி, இருமலுக்கு சிரப் குடித்த குழந்தைகள் 20-க்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். அந்த ‘கோல்ட்ரிஃப்’ சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது, அந்தத் தயாரிப்பில் டை எத்திலீன் கிளைகால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. இது தொழிற்சாலைகளில் பயன்படும் ரசாயனம். இதே விஷத்தால் 1937-ல் அமெரிக்காவில் ஒரு திரவ மருந்து குடித்த 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள் இறந்தபோதும் உலக சுகாதார நிறுவனம் இதே விஷம் கலந்த சிரப்புகளைப் பற்றித்தான் எச்சரித்தது.

விஷம் கலந்தது ஒரு குற்றம். ஆனால் வேதனை என்னவென்றால், கலப்படம் இல்லாத சிரப்பாக இருந்திருந்தாலும் அந்தக் குழந்தைகளின் சளி அதனால் ஒரு நாள்கூட முன்னதாகப் போயிருக்காது. 2023 டிசம்பரிலேயே, குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருந்தது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, சளி, இருமல் மருந்துகளை 2 வயதுக்குக் கீழே தரக் கூடாது, 5 வயதுக்குக் கீழே பொதுவாக வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும் கொடுக்கலாம். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் வேண்டாம். டிராப்ஸ் பாட்டிலும் சிரப் பாட்டிலும் ஒன்றல்ல. டிராப்ஸில் மருந்து பல மடங்கு அடர்த்தி. இந்த பாட்டிலின் அளவை அந்த பாட்டிலுக்குப் போட்டுவிடாதீர்கள். பில்லோடு வாங்குங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நீங்களாக எதுவும் தராமல் நேராக ஆஸ்பத்திரிதான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. உப்புத் தண்ணீர்: ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். கால் டீஸ்பூன் உப்பு போட்டுக் கரையுங்கள். மூக்கடைத்த குழந்தைக்கு ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு. ஒரு நிமிஷம் கழித்து மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். பால் கொடுப்பதற்கு முன்பும் தூங்குவதற்கு முன்பும் செய்யுங்கள். தினமும் புதிதாகத் தயாரிக்க வேண்டும்.

2. தாய்ப்பால்: “எனக்கே சளி, குடுக்கலாமா?” தாராளமாகக் கொடுக்கலாம். உங்கள் பாலில் இருக்கும் எதிர்ப்பு சக்திதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. கை கழுவிவிட்டு, மூக்கு, வாயை மூடிக்கொண்டு கொடுங்கள்.

3. சூடான ஆகாரம்: சாமைக் கஞ்சி, மிளகு ரசம், கொள்ளு ரசம், இட்லி எது பிடிக்கிறதோ அது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. வாழைப்பழம், தயிர் சாப்பிட்டால் சளி கட்டும் என்று பட்டினி போடாதீர்கள்.

4. தேன்: கல்வராயன் மலைத் தேனுக்கு அறிமுகம் தேவையில்லை. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ராத்திரி படுக்கும்போது அரை டீஸ்பூன் கொடுத்தால் இருமல் தணியும். ஒரு வயதுக்குள் தொட்டு நக்கக்கூட வைக்க வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, கைக்குழந்தையின் நரம்பைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும்.

5. கஷாயம்: சுக்கு, மிளகு, துளசி, தூதுவளை, கற்பூரவல்லி போட்டுப் பெரியவர்கள் குடிக்கலாம். தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆடாதொடை இலை இன்னும் சுவாரசியம். அதிலுள்ள வாசிசின் என்ற சத்தை வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மாத்திரையையே உருவாக்கினார்கள்! ஆனால் கர்ப்பிணிகள் ஆடாதொடையைத் தொடக் கூடாது. கைக்குழந்தைக்கு எந்தக் கஷாயமும் வேண்டாம்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

எண்ணெய்க் குளியலின்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது நம் பக்கத்தில் பழக்கம். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே ஒரு நிமோனியாவை உண்டாக்கும். கண்டிப்பாகக் கூடாது.

கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து நெஞ்சில் தேய்ப்பது, தைலத்தை மூக்கில் தடவுவது இரண்டும் இரண்டு வயதுக்குள் ஆகவே ஆகாது. கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும்.

சாம்பிராணிப் புகை, விறகடுப்புப் புகை, பீடிப் புகை எல்லாமே பிஞ்சு மூச்சுக்குழாய்க்கு எதிரி. சமையல் நடக்கும்போது குழந்தையை அடுப்படியிலிருந்து தள்ளிப் படுக்க வையுங்கள்.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களுக்குச் சுகம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கொதிக்கும் பாத்திரத்தின் முன்னால் உட்கார வேண்டாம். கை தட்டினால் வெந்துபோகும்.

இப்போது முக்கியப் பாடம்... மூச்சை எண்ணுங்கள்

நிமோனியா வந்தால் நுரையீரலின் காற்றறைகளில் நீர் கட்டும். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் காற்று போதாது. அதனால் குழந்தை வேகவேகமாக மூச்சு விடும். இருமல் சத்தத்தைவிட, காய்ச்சல் சூட்டைவிட, இந்த வேகம்தான் நம்பகமான அடையாளம். உலகம் முழுக்கக் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லித் தருவதும் இதைத்தான்.

குழந்தை அழும்போதோ பால் குடிக்கும்போதோ எண்ணக் கூடாது. தூங்கும்போது அல்லது மடியில் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றையும் நெஞ்சையும் பாருங்கள். ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. செல்போனில் மணி பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குவது வேண்டாம். சந்தேகம் இருந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை: நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து.

இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்.

ஒரு வயது முதல் ஐந்து வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்.

மலையில் பல வீடுகளில் அப்பா அம்மா வேலைக்காக வெளியூர் போயிருப்பார்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் இருக்கும். “எனக்கு அம்பது வரைக்கும் எண்ணத் தெரியாதே சாமி” என்று சொல்லும் பாட்டிக்கு ஒரு சுலபமான வழி. மலையில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமா? எண்ணத் தெரிந்த ஒருவர், பேரப்பிள்ளையின் வயதுக்கேற்ப 60, 50 அல்லது 40 கொட்டைகளை எண்ணி ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் செல்போனில் ஒரு நிமிஷம் பார்க்கட்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் பாட்டி ஒரு கொட்டையை நகர்த்தட்டும். நிமிஷம் முடிவதற்குள் கொட்டை அத்தனையும் தீர்ந்துபோனால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்!

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தால் உடனே ஆஸ்பத்திரி:

• மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுதல்.

• பால், தண்ணீர் குடிக்க முடியாமை, குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தல்.

• வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம்.

• உதடு, நாக்கு நீலம் பாய்தல்.

• அமைதியாக இருக்கும்போதும் மூச்சை இழுக்கையில் கரகர சத்தம்.

• இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை சுருண்டு படுத்தல், உடம்பு சில்லிட்டுப் போதல் அல்லது காய்ச்சல்.

மலையில் இருப்பவர்களுக்கு

கல்வராயன் மலை கிட்டத்தட்ட 2000 அடியிலிருந்து 4000 அடி வரை உயர்ந்தது. குக்கிராமத்திலிருந்து தார் ரோட்டுக்கு நடந்து, வண்டி பிடித்து, வளைவுகளில் இறங்கி வருவதற்குள் நேரம் ஓடிவிடும். டவுன்காரர் நடுராத்திரியில்கூட ஆட்டோ பிடிக்கலாம். உங்களால் முடியாது. அதனால் உங்கள் கணக்கு வேறு.

சளி, இருமல் உள்ள குழந்தையின் மூச்சை தினமும் பொழுது சாய்வதற்கு முன்னால் ஒரு தடவை கட்டாயம் எண்ணுங்கள். எண்ணிக்கை எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தாலே, வெளிச்சம் இருக்கும்போதே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். ‘ராத்திரி பாத்துட்டு காலையில போவோம்’ என்ற ஒரு வார்த்தையில்தான் பல உயிர்கள் நழுவுகின்றன. ஒரு நாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம்.

108 ஆம்புலன்ஸுக்கு போன் செய்ய உங்கள் ஊரில் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும் என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜீப், வேன் வைத்திருப்பவர் நம்பரைச் சுவரில் எழுதி வையுங்கள். வரும் வழியில் குழந்தையைப் போர்த்தி, தலையை உயர்த்திப் பிடியுங்கள். குடிக்க முடிந்தால் பால் கொடுத்துக்கொண்டே வாருங்கள். கீழே சிறுவங்கூரில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மாவட்டம் பிறந்த 2019-க்கு முன்பு போல விழுப்புரத்தைத் தேடி ஓட வேண்டிய நிலை இல்லை. நிமோனியாவை ஆரம்பத்திலேயே பிடித்தால் சாதாரண அமாக்சிசிலினே பெரும்பாலும் போதும். ஜலதோஷத்துக்கு வீணாக்கிய அதே ஆன்டிபயாடிக், இங்கே உயிர் காக்கும் மருந்து!

வராமல் தடுக்க...

நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டு அரசு மையங்களில் இலவசம். ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று தவணை. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியும், தட்டம்மை ஊசியும்கூட நிமோனியாவைக் குறைப்பவைதான். விட்டுப்போயிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் அட்டையைக் காட்டுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுவது, முழங்கையை மடித்து அதில் தும்முவது, சளி பிடித்தவர் கைக்குழந்தையைக் கொஞ்சாமல் இருப்பது... இதெல்லாம் காசில்லாத தடுப்பூசிகள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது டி.பி.யாக இருக்கலாம். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

ஒரு சின்னப் பரீட்சை

கேள்வி: எட்டு மாதக் குழந்தை. மூன்று நாளாகச் சளி, காய்ச்சல் இல்லை, பால் குடிக்கிறது. மூச்சு 38. என்ன செய்வீர்கள்?

பதில்: உப்புத் தண்ணீர்ச் சொட்டு, தாய்ப்பால். சிரப் வேண்டாம். சாயந்திரம் மறுபடி எண்ணுங்கள்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை. லேசான இருமல்தான், விளையாடவும் செய்கிறது. ஆனால் அமைதியாக இருக்கும்போது இரண்டு முறை எண்ணியும் மூச்சு 46.

பதில்: விளையாடுகிறதே என்று ஏமாறாதீர்கள். இன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: ஒன்றரை மாதக் குழந்தை. சளி அதிகம் இல்லை. காலையிலிருந்து பால் குடிக்கவில்லை, உடம்பு சில்லென்று இருக்கிறது.

பதில்: மூச்சை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். நெஞ்சோடு அணைத்துப் போர்த்திக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னீர்களா? அப்படியானால் இதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடுங்கள். இன்று சாயந்திரமே உங்கள் வீட்டுக் குழந்தை தூங்கும்போது, சளி இல்லாவிட்டாலும், ஒரு தடவை எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள்.